அடி எடுத்துக் கொடுக்காதவள்

எனக்கு வயது அறுபத்துமூன்று. நான் பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் புருஷனின் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் தாயில்லாமல் நின்றபோது அவர்களையும் என் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். ஐந்தில் ஒன்றுகூடப் பொய் சொல்லிப் பிடிபட்டதில்லை. என் வளர்ப்பு அப்படி என்று கல்யாண வீடுகளில் நானே சொல்லிக்கொள்வேன், யாரும் கேட்காவிட்டாலும்.

நான்காவது வரைதான் படித்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைச் சீவிச் சிக்கெடுத்து எழுது, ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நாம் கூடும்போது நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் ராணுவக் கோர்ட்டு நாடகம் போட்டார்கள், கைதியாக நடித்த ஆள் கடைசியில் வசனம் மறந்துபோய் பனைமரம் மாதிரி நின்றான் என்று. அந்த நிற்பை எழுந்து நின்று நடித்துக்கூடக் காட்டுவேன். நீங்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பீர்கள். என் ஐந்து பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள்தான். அந்தக் கதை முழுக்க உண்மை இல்லை. இல்லாத பாகத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெருநகர் பக்கம். மழைக்காலத்தில் செய்யாற்றில் தண்ணீர் வந்தால் ராத்திரியில் சத்தம் கேட்கும், அவ்வளவு தூரம். வங்காளதேசச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. கூரத்துப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஒல்லி ஆள், எந்நேரமும் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் நாடகம் எழுதினார். சண்டையில் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வருகிறது. ஒரு சிப்பாய் மட்டும் அடிபட்டுக் கிடக்கிற இன்னொருவனைத் தூக்கிவரத் திரும்பிப் போய்விடுகிறான். உத்தரவை மீறியதற்காக அவனை ராணுவக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். இதுதான் கதை.

கோர்ட்டின் தலைவரான கர்னல் வேஷம் என் நைனாவுக்கு. எட்டு ஏக்கர், பம்ப்செட்டு, ஊரில் முதல் மரியாதை. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? குற்றம் சாட்டும் அதிகாரி என் மாமன், அம்மாவின் தம்பி. கைதி வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே குனிந்து நிற்க யார் வீட்டுப் பிள்ளைக்கும் மனசு வரவில்லை.

எங்கள் நிலத்தில் ஒருவர் வேலை செய்தார். பன்னிரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கே இருந்தாய் என்று கேட்டால் "பனி பேயிற எடம்" என்பார். துப்பாக்கி சுட்டிருக்கிறாயா என்று கேட்டால் சிரிப்பார். அவருக்கு அங்கே சமையற்கட்டில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் நாங்கள் பட்டாளத்தான் என்போம். காலனியில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். (காலனிக்கு அப்போது நாங்கள் வைத்திருந்த பெயரை இப்போது என் வாயால் சொல்ல மாட்டேன்.) என்னைவிட முப்பது வயது மூத்தவரை நான் "பட்டாளம், இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். பட்டாளத்தார் என்று சொல்வது இதுதான் முதல் தடவை. பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதுடி.

ஒத்திகை எங்கள் மல்லாட்டைக் கொட்டகையில் நடக்கும், வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். டீசல் வாசனை, சாக்கு வாசனை, மூக்கில் ஏறுகிற தோல் தூசி. ஒரு மூலையில் பெண்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். பட்டாள வழக்கமெல்லாம் தெரிந்தவர் என்று வாத்தியார்தான் அவரை வரச் சொன்னார். அவர் வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்:

"கோர்ட்டுல நிக்கிறவனுக்குத் தொப்பியும் பெல்ட்டும் கூடாதுங்க. ரெண்டயும் கழட்டி மேசை மேல வெச்சிருவாங்க. விடுதலைன்னாதான் திருப்பிக் குடுப்பாங்க."

வாத்தியார் நோட்டை மூடினார். "அப்ப நீங்களே உள்ள வந்து நில்லுங்க. கைதி நீங்கதான்."

நீங்கள் என்று சொன்னார். மல்லாட்டை உடைக்கிற சத்தம் நின்றுபோனது. நைனா மட்டும் சிரித்தார். "நல்லதாப் போச்சி வாத்தியாரே, அவன் நின்னா நெஜக் கைதி கீற மாதிரிதான் இருக்கும்" என்றார். இப்படித்தான் அவர் உள்ளே வந்தார்.

நைனாவுக்குச் சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நைனாவின் கை ஏதோ வெயிலுக்கு நெற்றியை மறைக்கிற மாதிரி இருக்கும். அதைத் திருத்த வேண்டும், ஆனால் அவர் நைனாவின் கையைத் தொடக் கூடாது. பத்தடி தள்ளி நின்றுகொண்டு என்னிடம் சொல்வார்: "பாப்பா, நைனா முயங்கைய கொஞ்சம் தூக்கி வையி. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான். வெரல ஒண்ணா சேத்து வையி." நான் நைனாவின் கையைத் தூக்கி வைப்பேன். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டு. தீண்டாமல் இருக்க என்னை நடுவில் ஒரு கோலாக வைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் நின்றார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

படிக்கத் தெரியாத ஆளுக்கு யார் பாடம் சொல்லிக் கொடுப்பது? என் ஞாபகசக்தி ஊருக்கே தெரியும். ஒருமுறை கேட்டால் போதும். வாத்தியார் நோட்டை என் கையில் கொடுத்தார். பட்டாளத்தார் வயலில் மடை மாற்றும்போது நான் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திருப்பிச் சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதல் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டால் போதும், மீதியைக் கடகடவென்று சொல்லிவிடுவார். அந்த முதல் சொல்லைக் கொடுப்பதைத்தான் அடி எடுத்துக் கொடுப்பது என்போம். நாடகத்தன்றும் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் அடி எடுத்துக் கொடுக்கப் போகிறவள் நான்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கடைசிக் காட்சிதான் நாடகத்தின் உயிர். "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கர்னல் கேட்பார். கைதி பேசுவான். பேசி முடித்ததும் கர்னல் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைத் தன் கையால் திருப்பிக் கொடுத்து, அவனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும்.

"பாப்பா," என்று ஒருநாள் பட்டாளத்தார் கேட்டார், "மீறினேன்னு சொல்றப்போ தல நிமிரணுமா, குனியணுமா?"

"நிமிரணும்னு வாத்தியாரு சொன்னாரு."

"நிமிந்தா ஆண்டே மொகம் தெரியுமே." ஆண்டே என்றது என் நைனாவை.

"தெரியட்டுமே. நாடகந்தான?"

"நாடகந்தான்," என்றார். "ஆனா மொகம் நெஜம்தான பாப்பா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எம் பொஞ்சாதி காலனி முச்சூடும் சொல்லி வெச்சிக்கீறா. அத்தினி பேரும் கேக்க வர்றாங்களாம். நீ மொத வார்த்தைய மட்டும் வுட்டுடாத, தாயே."

முழு ஒத்திகை நடந்த நாளில் அவர் பேசி முடித்ததும் மல்லாட்டைக்காரப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள். என் அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா தூசி, இன்னா தூசி" என்றாள். நைனா எழுந்து நின்று அழகாகச் சல்யூட் அடித்தார். கொட்டகைக்குள் அது நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் மாமன் ஆரம்பித்தான். "இன்னா மாமா, ஊரு சனம் அத்தினி பேரு எதிர்ல அவனுக்கு எயுந்து நிக்கப் போறியா?"

"நாடகம்டா."

"உனுக்கு நாடகம். மறுநாளு வரப்புல அவன் எதிர்ல வந்தா எவன் ஒதுங்கறது? நீயா, அவனா? இல்ல, பாத்த எடத்துல எல்லாம் சலாம் வெச்சிக்கினே திரியப் போறியா?"

நைனா நடையை எட்டிப் போட்டார். செருப்புச் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது.

நாடகத்தன்று காலையில் நைனா நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். வழக்கமாக அப்படி உட்கார வைக்க மாட்டார்.

"பாப்பா, நீ கெட்டிக்காரி. அந்தக் கடேசி எடம் கீது பாரு, அங்க நீ வாயத் தொறக்காத."

"ஏன் நைனா? அவரு பேசணுமே."

"நேரம் ஆயிடும். உத்திரமேரூர்லருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. கடேசி பஸ்ஸு பூடும். வாத்தியாருகிட்ட சொல்லாத, அவுரு பேஜார் பண்ணுவாரு."

பஸ்ஸுக்காக இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் எனக்கு ஒன்றும் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. இரண்டில் ஒன்று நடந்திருந்தால் இத்தனை வருஷமும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன். என் நைனா நாற்காலியை விட்டு பட்டாளத்தாருக்காக எழுந்து நிற்பதை ஊர் பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை. மாமன் பேசிய பேச்சு என் காதிலும் விழுந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. "சரி நைனா" என்றேன்.

களத்துமேட்டில் பீப்பாய்களை நிறுத்திப் பலகை போட்டு மேடை. என் அம்மாவின் பழைய சேலைகள் பக்கத்துப் படுதா. கர்னலுக்குப் பள்ளிக்கூடத்துக் கை வைத்த நாற்காலி, மேசை எங்கள் வீட்டுடையது. நைனாவின் தொப்பி அட்டையில் காக்கித் துணி ஒட்டியது. கைதியின் தொப்பி மட்டும்தான் நிஜம், இலைப்பச்சைக் கம்பளித் தொப்பி. பூட்ஸும் பெல்ட்டும் அவருடைய தகரப் பெட்டியிலிருந்து வந்தவைதான். பூட்ஸை ஊர்த் தெருவில் போட்டு நடக்கக் கூடாது, மேடையில் போட்டுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பூட்ஸையும் கயிற்றில் கோத்துக் கையில் தொங்கவிட்டு, வெறும் காலோடு அவர் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தேன். அவ்வளவு பளபளப்பாகத் துடைத்திருந்தார்.

பொழுது சாய்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். ஊர்ச் சனம் முன்னால் பாயில். காலனிச் சனம் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. பட்டாளத்தார் மனைவி இடுப்பில் பிள்ளையோடு முதல் ஆளாக நின்றது எனக்குப் படுதா இடுக்கில் தெரிந்தது.

எல்லாம் நன்றாக நடந்தது. பட்டாளத்தார் "சாவ்தான்!" என்ற அதட்டலுக்கு விறைப்பாக நின்றபோது பூட்ஸ் சத்தத்தில் பலகை அதிர்ந்தது. மாமன் தொப்பியைப் பறித்து மேசைமேல் வைத்தான், பெல்ட்டை அவிழ்த்தான். வேண்டிய இடத்திலெல்லாம் நான் அடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு நைனா கேட்டார்: "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

நான் கொடுக்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. "உத்தரவை." அவ்வளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பெட்ரோமாக்ஸ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை, கண் மட்டும் படுதாப் பக்கம் வந்தது. என் வாயைப் பார்த்தார். என் வாயிலிருந்து அவர் கண் நைனாவிடம் போனது. நைனாவிடமிருந்து மறுபடி என்னிடம் வந்தது. ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறக்கிற நேரம் இருக்கும். பிறகு அவர் நிமிர்ந்த தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்ல ஒன்றும் இல்லையென்றால் கோர்ட்டு தீர்ப்புச் சொல்கிறது," என்றார் நைனா. அது நோட்டில் இல்லாத வசனம். "குற்றம் ருசுவாகிவிட்டது. பத்து வருஷம் கடுங்காவல்."

பாயில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வைக்கோல் போர்ப் பக்கம் முதலில் சத்தமே இல்லை. பிறகு அங்கேயும் யாரோ ஒருவன் சிரித்தான்.

வாத்தியார் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாரு அடி எடுத்துக் குடுக்கல? பாப்பா, நீயா?"

நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டாளத்தார்தான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாப்பா மேல தப்பு இல்லீங்க. அது குடுத்துச்சி. எனுக்குத்தான் மறந்து பூட்ச்சி."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஆமாம், கொடுத்தேன் என்று. அந்த வருஷம் லீவு விட்டதும் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நோட்டும் அவரோடு போனது.

நாடகத்தன்றிலிருந்து பட்டாளத்தாருக்கு மறதிப் பட்டாளம் என்று பெயர். இரண்டு பக்கமும் அதே பெயர்தான். பட்டாளத்திலும் இப்படித்தான் உப்புப் போட மறந்திருப்பான், அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். மறுநாள் களை எடுக்கும்போது பெண்கள் அவர் மனைவியைச் சீண்டினார்கள்.

"இன்னாடி, உன் வூட்டுக்காரு வாயில கொயக்கட்டையா?"

அந்த அம்மாள் நிமிரவில்லை. களையைப் பிடுங்கி வரப்பில் வீசினாள். "அவுரு வாயில இல்லடி. எவ வாயிலயோ கீது." வரப்பில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

தொப்பியைச் சொல்ல வேண்டும். விடுதலை இல்லாததால் தொப்பியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மேசையோடு அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அம்மா அதை எடுத்து, அடுப்பிலிருந்து சோற்றுப் பானை இறக்கும் பிடிதுணியாக்கிக்கொண்டாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமே. ஒருநாள் கூழுக்காக அவர் தோட்டத்து வாசலில் நின்றபோது, அம்மா கரி பிடித்த அந்தப் பச்சைத் தொப்பியால் பானையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் பார்த்தார்.

"கம்பளி நல்லதும்மா," என்றார். "சூடு தாங்கும்."

அதற்குப் பிறகு ஒரு காலையில் வயலுக்கு நாஷ்டா எடுத்துப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. நான் மோட்டார் கொட்டகைச் சுவரைச் சுற்றி வரும்போது கரண்ட் நின்றது. மோட்டார் ஓய்ந்துபோன அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பட்டாளத்தார் வாய்க்காலைப் பார்த்து நின்றுகொண்டு, தலை நிமிர்ந்து, கணீரென்று அந்தப் பேச்சின் பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடி எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. ஒரு சொல் தடுமாறவில்லை. மோட்டார் நின்றது தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினார், திரும்பினார், என்னைப் பார்த்தார்.

"மடை நெறஞ்சிடுச்சி பாப்பா," என்றார். தூக்குச் சட்டியை வாங்கி வைத்தார்.

அவர் மறக்கவே இல்லை. அன்றைக்கு மேடையில் என் வாயையும் நைனா முகத்தையும் பார்த்த அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேசியிருந்தால் நைனா எழுந்து நிற்க வேண்டும், இல்லை எழ மறுக்க வேண்டும். எதுவானாலும் வீட்டில் அடி எனக்குத்தான் விழும். அதை யோசித்து நின்றிருக்கிறார். இது நான் கட்டியது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். மறுநாள், மறு வருஷம், கல்யாணமாகித் தாய்வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மறதிக் கதையை என் புருஷன் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தபோது ஒருநாள் மதியம் வயலுக்கு அந்தப் பக்கம் சாவுப் பறைச் சத்தம் கேட்டது. யார் என்று நைனா கேட்டார். "மறதிப் பட்டாளம்" என்றான் மாமன். நைனா சொம்பைக் கீழே வைத்தார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை. நைனா நல்லவர்தான் என்று சொல்ல வாய் வருகிறது. வேண்டாம், இதை நைனாமேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க மாட்டேன்.

ஐந்து பேரைப் பொய் சொல்லாமல் வளர்த்தேன் என்று மேலே எழுதச் சொன்னேன். அதை அடித்துத் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அவர்களுக்கு நான் சொன்ன ஒரு பொய் இது.

நோட்டு இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதிக்கொள்:

"உத்தரவை மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். திரும்பிப் போனது துப்பாக்கியை எடுத்துவர அல்ல, ஒரு மனிதனை எடுத்துவர. அவன் எனக்கு உறவுமில்லை, என் ஊர்க்காரனுமில்லை. தண்ணீர் கேட்டான். தண்ணீர் கேட்கிறவனை விட்டுவிட்டு ஓடி வா என்கிற உத்தரவை எந்த மொழியில் எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. தண்டனை கொடுங்கள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்."

அவ்வளவுதான் அவருடைய பேச்சு. முடிந்தது. இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. மெதுவாகப் படி, கண்ணைத் துடைத்துக்கொள், தாளில் சொட்டினால் எழுத்து கலைந்துவிடும். அவர் பேசுகிற அந்த இடம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு உன் கையைக் கொஞ்சம் கொடு. முட்டி வலி, தனியாக முடியாது. எழுந்து நின்றுகொள்கிறேன், அப்புறம் படி.